டார்ச்சைக் காலி பண்ணும் நேரம்

கடைசிச் சொட்டு வரைக்கும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டுமாம். பாதியில் போட்டால் பேட்டரிக்கு மறதி வந்துவிடுமாம்; பாதிதான் தன் வயிறு என்று நினைத்துக்கொண்டு அதற்கு மேல் வாங்கவே வாங்காதாம். இதை மாஸ்டரிடம் சொன்னவர் அவருடைய மச்சான். மச்சானுக்குச் சொன்னவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். மேசைக்காரருக்கு ஏதோ ஒரு போன் கடையில் சொன்னார்களாம். அந்தக் கடைக்காரனுக்கு எவன் சொன்னான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று இப்போது மாஸ்டர் பல்லைக் கடிக்கிறார். பல்லைக் கடிக்க பேட்டரி தேவையில்லை.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தலைமேல் சிவப்புப் பலகை மாட்டிய சின்னக் கார், இடது பக்க இருக்கைக்குக் கீழே அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். ஒரு காலத்தில் அந்த இரண்டாவது பிரேக் துருப்பிடிக்காமல் இருந்ததே அதிசயம். அவருடைய தொண்டையே பிரேக்காக இருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றிய காருக்குள் அவர் "பிரேக்!" என்றால், பக்கத்து வண்டிக்காரரும் சேர்ந்து பிரேக் போடுவார். அவர் திட்டாமல் கற்றுக்கொடுத்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அவரிடம் திட்டு வாங்கியே லைசென்ஸ் எடுத்தவர்கள், பிறகு தங்கள் பிள்ளைகளையும் அவரிடமே கூட்டிவந்து விட்டார்கள். "நல்லாத் திட்டுவாரு, சீக்கிரம் வந்துடும்" என்பதுதான் அவருக்கு ஊரில் இருந்த விளம்பரம்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தடியில் ஒரு துளை வைத்து அனுப்பினார்கள். கூடவே கையில் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். பார்ப்பதற்குச் சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும். அதன் தலையைக் கழுத்தில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் அது அதிரும். அந்த அதிர்வை வாயும் நாக்கும் பிடித்துச் சொல்லாக்கிவிடும். வீட்டில் அதற்கு டார்ச் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "டார்ச் எங்க?", "டார்ச்சை எடுத்துப் பேசுங்க", "டார்ச் அணைஞ்சுபோச்சு."

டார்ச்சில் ஏற்ற இறக்கம் கிடையாது. 'தண்ணி குடு' என்பதும் 'தொலைஞ்சு போ' என்பதும் ஒரே சுருதியில்தான் வரும். இது முக்கியம்.

கழுத்தில் எந்த இடத்தில் வைத்தால் பேச்சு தெளிவாக வரும் என்று கண்டுபிடித்தது அவர் பெண். படிப்பை ஒரு வருடம் நிறுத்திவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவள் அவள்தான். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், தாடைக்குக் கீழே வைத்துப் பார்த்தாள், வலது பக்கம் வெறும் வண்டு ரீங்காரம். இடது தாடைக்குக் கீழே, தழும்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடம் அகப்பட்டது. அங்கே தன் கட்டைவிரலை வைத்து, "இதான்ப்பா. இதை மறக்காதீங்க. இப்போ 'அம்மா'ன்னு சொல்லுங்க" என்றாள்.

மாஸ்டர் "பிரேக்" என்றார்.

அவளும் அவள் அம்மாவும் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

வேலைக்குத் திரும்பினார். ஒரு கையில் டார்ச், ஒரு கால் இரண்டாவது பிரேக்கில். கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதல்நாள் மிரண்டார்கள், இரண்டாம்நாள் பழகிவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் 'ரோபோ மாஸ்டர்' என்றார்கள். அது அவர் காதில் விழாமல் இல்லை. குரலைத்தானே எடுத்தார்கள், காதையா எடுத்தார்கள்?

இந்தச் சமயத்தில்தான் மச்சான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார்.

"மாப்ள, இது போனா உங்க வாயே போச்சு. பேட்டரியைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும். தினமும் ராத்திரி சுத்தமாக் காலி பண்ணிட்டுத்தான் போடணும். போட்டா, பச்சை லைட் எரியற வரைக்கும் தொடவே கூடாது. நடுவுல எடுத்தீங்கன்னா தொலைஞ்சுது."

மாஸ்டருக்கு விதி என்றால் விதி. சாலையில் மஞ்சள் கோட்டைத் தாண்டாதவர், பேட்டரி விஷயத்தில் தாண்டுவாரா? அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாடு முடிந்ததும் 'காலி பண்ணும் நேரம்' ஒன்று உண்டாயிற்று. சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருக்கும் சார்ஜைப் பேசித் தீர்ப்பார். முதலில் செய்தித்தாளை வாசித்துப் பார்த்தார். கொட்டாவி வந்ததே தவிர பேட்டரி இறங்கவில்லை. சத்தத்தை முழுசாக வைத்து, மூச்சு விடாமல் பேசினால்தான் சீக்கிரம் தீரும். மாஸ்டருக்கு மூச்சு விடாமல் வருவது ஒன்றுதான். திட்டு.

ஆக, அந்த வீட்டில் தினமும் திட்டு நடந்தது. பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டுப் போன நகராட்சி, இண்டிகேட்டர் போடாத பஸ் டிரைவர், கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழகுநர்கள், மேல்வீட்டுக்காரரின் வாஷிங் மெஷின், எல்லாரும் முறைவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மனைவி பாத்திரம் கழுவியபடியே "ம்" கொட்டுவாள். நடுநடுவே திரும்பிப் பார்த்து, "இன்னும் காலியாகலையா? சிவப்பு வந்துடுச்சா?" என்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடுகிற மாதிரிதான் அவளுக்கு அது. மருந்து கசக்கத்தானே செய்யும்?

அப்படி ஒரு ராத்திரிதான் பெண் வந்து எதிரில் நின்றாள். தூரத்து ஊரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். கையில் போனைப் பிடித்திருந்தாள், அதில் வந்த சேதியை அப்பாவிடம் காட்ட.

"காலையிலயே கிளம்பணும். போகட்டுமாப்பா?"

நகராட்சியும் பஸ் டிரைவரும் அன்றைக்கு முடிந்துபோயிருந்தார்கள். டார்ச்சில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, ஆனால் திட்ட ஆளில்லை. ஓடுகிற வண்டி பிரேக் போட்டதும் நிற்காமல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும் இல்லையா, அப்படி, அதே வேகத்தில் வாய் போய்விட்டது.

"போ. உன்னால இந்த வீட்டுக்கு என்ன ஆச்சு? ஒரு சத்தம் குறையும்."

அடுத்து, 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்று சொல்ல வாயெடுத்தார். டார்ச் செத்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். இந்தக் குரலில் கேலிக்கும் குத்தலுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எது கேலி எது குத்தல் என்று சொல்ல வேண்டியவருக்கே அன்றைக்குத் தெரியவில்லை.

காலையில் அவள் பெட்டியோடு கூடத்துக்கு வந்தபோது டார்ச் சார்ஜில் இருந்தது. ராத்திரி முழுக்க மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் ஆரஞ்சு விளக்கே எரிந்துகொண்டிருந்தது. மனைவி பதறினாள்.

"என்னங்க, எடுத்து ஒரு வார்த்தை பேசுங்க. புள்ள கிளம்புது."

மாஸ்டர் விளக்கைக் காட்டினார். இன்னும் பச்சை வரவில்லை.

பெண் அந்த விளக்கைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "பேட்டரிதான் முக்கியம்ப்பா. நல்லாப் பாத்துக்கோங்க" என்றாள். கதவு சாத்தின சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசுவாள். மாஸ்டர் காரோடு வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுவாள். அவருக்கு ஒரு தடவைகூட அழைக்கவில்லை. இவரும் அழைக்கவில்லை. 'பெத்தவன் நான், நானா முதல்ல பண்ணணும்?' என்று மனசுக்குள் ஒரு பக்கம் கத்தியது. இன்னொரு பக்கம் கத்தியதை அவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். பேட்டரியை மட்டும் விதிப்படி காலி பண்ணிக்கொண்டே வந்தார்.

அவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்த பேட்டரி என்ன செய்தது? இளைத்தது. முன்பு ஒருநாள் முழுக்கத் தாங்கியது மத்தியானத்தோடு நின்றது. பிறகு இரண்டு பாடத்துக்கு. கடைசியில், கார் பழக வந்த, வங்கியில் மேலாளராக இருக்கும் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரிய சாலைக்குப் போனபோது, லாரி ஒன்று குறுக்கே வந்தது. மாஸ்டர் டார்ச்சைக் கழுத்தில் வைத்து "பி" என்றார். "ரேக்" வரவில்லை. காலால் மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. அந்த அம்மாவின் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

"சொல்ல மாட்டீங்களா மாஸ்டர்? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று சீறியவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். மாஸ்டருக்கு அந்தச் சீறலைவிட அந்த நாக்கைக் கடித்ததுதான் பொறுக்கவில்லை. இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு, சாலையோரம் நின்று லாரி போன திக்கைப் பார்த்துச் சத்தமில்லாமல் திட்டித் தீர்த்தார். பார்த்தவர்கள் பாவம், மனுஷன் ஏதோ மென்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை டார்ச்சைக் காணோம். தலையணைக்குக் கீழே இல்லை, சார்ஜரில் இல்லை. கை தட்டினார், மேசையைத் தட்டினார். மனைவி அடுப்படியிலிருந்து தயங்கித் தயங்கி வந்து, பிரிட்ஜைத் திறந்து காட்டினாள். எலுமிச்சம்பழத்துக்கும் முட்டைக்கும் நடுவில், பிளாஸ்டிக் பைக்குள் அவருடைய குரல் படுத்திருந்தது.

"அண்ணன்தான் சொன்னாரு. குளிர்ல வச்சா பேட்டரிக்கு உயிர் திரும்பி வருமாம். அவரு ஆபீஸ்ல..."

மாஸ்டர் பையைப் பிடுங்கினார். வெளியே எடுத்த நிமிஷம் டார்ச்சின் மேல் பொடிப்பொடியாக வியர்த்தது. அவருக்கும்தான். மனைவியை இழுத்துக்கொண்டு நேரே சர்வீஸ் கடைக்குப் போனார்.

கடை என்றால், மருத்துவக் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு குறுகலான அறை. மேசை விளக்குக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாங்கிப் புரட்டிப் பார்த்தவள், "இது ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?" என்றாள்.

"பிரிட்ஜில இருந்ததும்மா."

"பிரிட்ஜிலயா? ஏன்?"

"எங்க அண்ணன் சொன்னாரு."

"அவரு என்ன வேலை பாக்குறாரு?"

"வரி ஆபீஸ்ல."

அந்தப் பெண் அதற்கு மேல் அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை. துணியால் துடைத்து, விளக்குச் சூடு படாத இடத்தில் கொஞ்ச நேரம் காயவைத்து, பிறகு ஒரு மீட்டரில் மாட்டிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐயா, தினமும் சுத்தமாத் தீர்த்துட்டுத்தான் சார்ஜ்ல போடுறீங்களா?"

மாஸ்டர் பெருமையாகத் தலையாட்டினார்.

"அதான் போயிடுச்சு. அந்தப் பழக்கமெல்லாம் பழைய வகை பேட்டரிக்குச் சொன்னது. இது லித்தியம். இதை அடிவரைக்கும் காயவிட்டா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். பாதியில போடலாம், பாதியில எடுக்கலாம், ஒண்ணும் ஆகாது. சொல்லப்போனா அதான் இதுக்கு நல்லது. முழுசா ஏத்தி ராத்திரியெல்லாம் அப்படியே மாட்டி வைக்கிறதும் தேவையில்ல. பகல்ல எங்க வச்சிருப்பீங்க?"

"கார்ல, முன்னாடி கண்ணாடிகிட்ட" என்றாள் மனைவி.

"வெயில்லயா? சரியாப் போச்சு. இதுக்குச் சூடுதான் முதல் எதிரி."

மாஸ்டரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. ஆனால் முதலில் வெடித்தது அவர் இல்லை.

"அப்போ தினமும் காலி பண்ண வேண்டியதே இல்லையாம்மா?"

"வேண்டவே வேண்டாம்."

"அப்போ இத்தனை நாளா ராத்திரி ராத்திரி நான் உக்காந்து கேட்டதெல்லாம் சும்மாவா?" மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். "மருந்துன்னு நெனச்சுக் கேட்டேங்க நான்!"

மாஸ்டர் மேசையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். திருகாணியெல்லாம் குதித்தன. அவர் காதில் விழுந்தது மனைவி சொன்னது இல்லை. 'பாதியில எடுக்கலாம், ஒண்ணும் ஆகாது.' அன்றைக்கு அந்த ஆரஞ்சு விளக்கு எரிந்தபோதே எடுத்திருக்கலாம். எடுத்து ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றுமே ஆகியிருக்காது! பேட்டரி மாற்றித் தரச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினார்.

"மாத்த முடியாத மாதிரி உள்ள வச்சு ஒட்டிட்டாங்கய்யா. கெட்டுப்போனா புதுசு வாங்கிக்கோங்கறதுதான் கம்பெனிக்காரங்க கணக்கு. நான் வெட்டித் திறந்து பாக்குறேன். ஒழுங்காத் திறந்தா உள்ளே வேற பேட்டரி வைக்கலாம், வர நாளாகும். கூடு உடைஞ்சுதுன்னா இது அவ்வளவுதான். நாளைக்குக் கொண்டாங்க. அது வரைக்கும் சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பேசுங்க. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல பொத்தானை விட்டுடுங்க. இதுல மிச்சம் இருக்கிறது ஒரு கப் டீ ஆறுற நேரத்துக்குத்தான் வரும்."

ஒட்டி வைத்தானாம்! ஒரு மனிதனின் பேச்சை டப்பாவுக்குள் வைத்துப் பசை போட்டு ஒட்டி, தீர்ந்தால் தூக்கிப் போடு என்கிறான். வீடு வரும்வரை மாஸ்டர் கம்பெனிக்காரனைத் திட்டினார், மேசைக்காரரைத் திட்டினார், போன் கடைக்காரனின் பரம்பரையைத் திட்டினார். எல்லாம் வாய்க்குள்ளேயே. டார்ச் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொடவில்லை.

வீட்டில் மச்சான் சோபாவில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, பிரிட்ஜ் வேலை செஞ்சுதா?"

அவ்வளவுதான். டார்ச் கழுத்துக்குப் போனது, பெண் காட்டிய அதே இடத்துக்கு. சத்தம் முழுசு.

"எவன்யா சொன்னான் உமக்கு? எந்த மடையன் சொன்னான்? உம்ம பேச்சைக் கேட்டு..."

"அய்யோ, நிறுத்துங்க!" மனைவி அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "அதை எங்க அண்ணன்மேல செலவு பண்ணாதீங்க. நாளைக்குக் கொடுத்தா எப்போ வருமோ, வருமோ வராதோ. அவளுக்கு வைங்க."

பொத்தானிலிருந்து விரல் எழுந்தது. மச்சான் டீயைக் கீழே வைத்தார். நடந்ததைத் தங்கை சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் வரி ஆபீஸ்காரர், லேசில் விடுவாரா?

"நான் நல்லதுக்குத்தானே சொன்னேன். மேசைக்காரர் படிச்ச மனுஷன்... சரி, தப்புதான், என் தப்புதான். ஆனா ஒண்ணு கேக்குறேன் மாப்ள, கோவிச்சுக்காதீங்க. பேட்டரியைக் காலி பண்ணுங்கன்னுதான் நான் சொன்னேன். பொண்ணு மேல காலி பண்ணுங்கன்னு சொன்னேனா?"

மாஸ்டர் டார்ச்சை ஓங்கினார். பேச இல்லை, எறிய. மனைவி மூச்சைப் பிடித்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. திட்டத் தேவையான எல்லாம் அவரிடம் இருந்தது. திட்ட வேண்டிய ஆள்தான் மாறிப்போயிருந்தான்; அவன் மாஸ்டரின் சட்டையையே போட்டுக்கொண்டு, ராத்திரிதோறும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவன்.

போய் டார்ச்சைச் சார்ஜரில் மாட்டினார். ஆரஞ்சு விளக்கு வந்தது. எதிரில் நின்று அதையே முறைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போயிற்று. பச்சை வருவதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. மாஸ்டர் கையை நீட்டினார், ஒரு நிமிஷம் தயங்கினார், சட்டென்று வயரைப் பிடுங்கினார்.

தன் போனை எடுத்தார். அம்மா போனிலிருந்து அழைத்தால் அவள் உடனே எடுப்பாள், அது அவருக்குத் தெரியும். அது வேண்டாம். தன் பெயர்தான் அவள் திரையில் வரவேண்டும். எண்ணைத் தொட்டார். சத்தத்தைக் குறைத்து வைத்தார். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே.

மணி அடித்தது.

என்ன சொல்வது என்று யோசித்தார். 'எடுத்ததும் வச்சுடாதே' என்பதா? 'அன்னைக்கு முழுசாச் சொல்லல, கரண்ட் போச்சு' என்பதா? அது பொய். வாய்தான் போயிற்று. 'ஒரு பெத்தவனைக் கூப்பிடக்கூட உனக்கு மனசில்லையா' என்று ஒரு திட்டும் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"அவ போன்ல சார்ஜ் இல்லாம இருக்கும்" என்றார் மச்சான், ஆறுதலாக.

"மணி அடிக்குதுண்ணே" என்றாள் மனைவி. "மணி அடிச்சா போன் உயிரோடதான் இருக்கு. சும்மா இருங்க."

மாஸ்டர் டார்ச்சைத் தாடைக்குக் கீழே, தழும்புக்கு மேலே, இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.